வரிசையில் வைக்காத பச்சைக் குடம்

எங்கள் தெருவில் எனக்கு எதிரி என்று ஒருத்திதான் இருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. ஊரில் வேறு மாப்பிள்ளையே இல்லாதது போல, அவளை அதே தெருவில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

திருவொற்றியூர் கடலோரத் தெரு அது. ஏரிகள் வறண்டு, சென்னை முழுக்கக் குடமும் கையுமாக அலைந்த வருஷங்கள். எங்களுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பேச்சு; மற்றபடி லாரிக்காரன் மனசு. லாரி வருவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. எந்தக் குடம் யாருடையது என்று தெருவுக்கே தெரியும். என்னுடையது நீலம். அவளுடையது பச்சை. நீலத்துக்கு முன்னால் பச்சை நின்றால் அன்றைக்குச் சண்டை. பச்சைக்கு முன்னால் நீலம் நின்றாலும் சண்டை.

"இன்னா அண்ணி, ராவெல்லாம் இங்கயே பட்த்துனு இருந்தியா? மொத எடத்துல குடம் கீது?"

"ஆமாண்டி. உங்கண்ணன் கொறட்டைக்கு ரோடே தேவலாம்."

"எங்கண்ணன் உன்னக் கட்னதுக்கு அப்பாலதான் கொறட்ட வுடுது. அதுக்கு முன்னால நிம்மதியாத் தூங்கிச்சு."

இப்படிப் போகும். லாரி வந்து, பிடித்து, போன பிறகும் போகும். வேடிக்கை பார்க்கவே சில பேர் குடத்தை எடுக்காமல் நிற்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு அமைப்பு தெரு முனையில் இருந்த கேரம் கிளப்பில் வாரத்துக்கு ஒரு நாள் இடம் கேட்டு வாங்கியது. வாசலில் 'மனநல ஆலோசனை மையம்' என்று பெரிய போர்டு மாட்டினார்கள். உள்ளே ஒரு இளம் டாக்டரம்மா, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. முதல் வாரம் உள்ளே போனது ஒரு ஆடு. அடுத்த வாரம் ஆடும் போகவில்லை.

எப்படிப் போவார்கள்? எங்கள் பக்கம் மனசு சரியில்லை என்று சொன்னால் ஒரே ஒரு அர்த்தம்தான்: கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அந்தப் பேரைச் சொல்லித்தான் பிள்ளைகளைச் சோறு தின்ன வைப்பார்கள். அந்த போர்டுக்குக் கீழே நுழைந்துவிட்டு வெளியே வருகிற பெண்ணின் மகளை எவன் கட்டுவான்?

எனக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாது. நான் போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா, ஈ ஓட்டிகினு கீறீங்க?"

"யாரும் வர மாட்டேங்கறாங்க. என்ன காரணம்னு தெரியல."

"அந்த போர்டைக் கயிட்டுங்க."

"பேர் போடலன்னா எப்படி வருவாங்க?"

"பேர் போட்டா எப்டி வருவாங்க?"

டாக்டரம்மா நாற்காலி மேல் ஏறி அவரே போர்டைக் கழற்றினார். அடுத்த வாரம் மேஜையில் பிரஷர் பார்க்கும் மிஷின் இருந்தது. கூட்டம் வந்தது. எங்கள் பக்கம் பிரஷர் இருப்பது கௌரவம். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தால் ஆள் எழுந்து ஓட முடியாது. அந்த நேரத்தில் அவர், "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்பார். அவ்வளவுதான். பட்டையைக் கழற்றிய பிறகும் சில பேர் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு பாய்லர் கம்பெனி ஃபிட்டர், மீசை காதுவரை, உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் கேரம் ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. முதலில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல நினைத்தாராம் டாக்டரம்மா. ஸ்ட்ரைக்கர் அடிக்கிற சத்தத்தில் உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்று புரிந்ததும், ஆட்டம் குறைகிற நாளில் அவரே போய் ஆடுகிறவர்களுக்கு டீ சொல்லிவிட்டு வருவார்.

ஒரு டாக்டர் இத்தனை தெருவுக்குப் போதாது. அதனால் தெருவுக்கு ஒரு பெண்ணைப் பழக்கி, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்க வைப்பது என்று திட்டம். எல்லோரையும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எல்லோரிடமும் சண்டை போட்டிருந்ததால் எனக்கு எல்லோரையும் தெரியும். நான் வேலை செய்த பேக்கிங் கம்பெனியும் மூடியிருந்தது. சேர்ந்துவிட்டேன்.

செய்தி கேட்டு நாத்தனார் சிரித்த சிரிப்பில் பச்சைக் குடத்தைக் கீழே போட்டாள்.

"நீ போய் ஆறுதல் சொல்லப் போறியா அண்ணி? நல்லா கீறவனும் பைத்தியமாய்டுவான்!"

அவள் சொன்னதில் தப்பில்லை. பயிற்சியில் முதல் பாடமே, கேட்க வேண்டும், பேசக் கூடாது. அறிவுரை கூடாது. 'எல்லாம் சரியாப் போய்டும்' கூடாது. பக்கத்து வீட்டுக்காரியை உதாரணம் காட்டக் கூடாது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் எங்கள் தெருவில் பேச்சு என்று மிச்சம் என்ன இருக்கிறது? ஒத்திகைக்காக டாக்டரம்மாவே குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் போல நடித்தார். நான் கேட்க வேண்டும். அவர் இரண்டு வாக்கியம்தான் சொன்னார்; அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"அவன உட்டுட்டுப் பொறந்த வூட்டுக்குப் போம்மே! சோத்துல உப்புப் போட்டுத்தான துன்றே?"

"அக்கா, நான் இன்னும் முடிக்கவே இல்ல."

நாலைந்து முறை இப்படி ஆனது. நாக்கைக் கடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வெற்றிலைதான் வழி என்று கண்டுபிடித்தேன். வாய் நிறைய வெற்றிலைச் சாறு இருக்கும்போது பேச முடியாது. அடுத்தவர் வீட்டுக்குள் துப்பவும் முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். டாக்டரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆரோக்கியத்துக்கு வேலை பாக்கறவங்க வாயெல்லாம் செவப்பா..." என்று இழுத்தார். புகையிலையும் வேண்டாம், பாக்கும் வேண்டாம், வெறும் வெற்றிலை, அதுவும் வேலை நேரத்தில் மட்டும் என்று பேசி முடித்தோம். அதற்குப் பிறகு என்னைப் பற்றித் தெருவில், "இன்னாமா பொறுமையாக் கேக்குது" என்று பேச்சு வந்தது. பொறுமையாம்.

இப்படி ஊர் வீடெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டிருந்தவளுக்கு, மூன்றாவது வீடு கண்ணில் படவில்லை. படாததற்குக் காரணம் அந்தக் குடம். பச்சைக் குடம் தவறாமல் வரிசையில் நின்றது. ஆகவே அவளும் நின்ற மாதிரிதான்.

எனக்கு முதலில் தெரிந்தது, என்னை யாரும் திட்டவில்லை என்பது. நீலக் குடத்தை வேண்டுமென்றே முன்னால் தள்ளி வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பச்சைக் குடத்தை மூலை வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு போனாள்.

"ஏண்டி, அவ எங்க?"

"ஒடம்பு முடியலயாம்கா. நானும் எதிர் வூட்டுப் பொண்ணும் மாத்தி மாத்தி எட்த்துனு போய்க் குடுக்கிறோம்."

"எப்பலேந்து?"

"அது ஆச்சு, ரொம்ப நாளாச்சு."

பயிற்சி எடுத்தவள் நான். அவளுக்கு மூன்றாவது வீட்டில் இருப்பவள். எனக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே போனேன். பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலை சிக்கு விழுந்திருந்தது. எப்போதும் மல்லிப்பூ வாங்குவதில் என்னோடு போட்டி போடுகிற தலை அது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாயத் தொறந்து எதுனா திட்டு அண்ணி. நீ பேசாம கீறது பயமா கீது."

நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"காலீல எய்ந்தா கை கால் வர்ல. குடத்தத் தூக்கிப் பாத்தேன். கனக்குது அண்ணி. வெறுங்குடமே கனக்குது."

நல்ல வேளை, வாய் நிறைய வெற்றிலை இருந்தது.

தெருவில் இதற்குள் ஆராய்ச்சி நடந்து முடிந்திருந்தது. கண் பட்டுவிட்டது என்றாள் மூலை வீட்டுக்காரி. சுடுகாட்டுப் பக்கம் தலை விரித்துப் போயிருப்பாள் என்றாள் எதிர் வீட்டுப் பெண்ணின் மாமியார். என் வீட்டுக்காரர், "நீ திட்டித் திட்டித்தான் இப்டி ஆய்ட்டா" என்றார். எல்லாரையும் விட மோசம் நாத்தனாரின் புருஷன். கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குள் நுழைய வண்டிகளோடு வண்டியாக வரிசையில் கிடந்துவிட்டு, அலுத்துப்போய் வீட்டுக்கு வருவார். வந்தால் சோறு இல்லை. பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

"தங்கச்சி, நானும் எவ்ளோதான் பாக்கிறது? தீபாவளி வரிக்கும் பாப்பேன். சரியா வர்லன்னா கும்மிடிப்பூண்டி அப்பால எங்க ஊர்ல ஆத்தா கிட்ட உட்டுட்டு வந்துடுவேன். பசங்க இங்கயே படிக்கட்டும்."

"அங்க இன்னா வைத்தியம் கீதுண்ணே?"

"காத்தோட்டமா கீது."

காற்று. டிரெய்லர் டயருக்கு அடிப்பது போல இவளுக்கும் காற்று அடித்தால் ஓடுவாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. பிள்ளைகளை விட்டுப் பிரித்து, யாரும் போகாத வீட்டில், எந்த மருந்தும் இல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அப்புறம் அவள் திரும்பி வரமாட்டாள். அது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பிரஷர் பார்க்கப் போகலாம் என்று சொல்லி அவளை அழைத்துப் போயிருக்கலாம். எனக்குப் பொய் சரியாக வராது. "உனுக்கு மனசுக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டரம்மா கீறாங்க, வா" என்றேன். கீழ்ப்பாக்கமா என்று கேட்டாள். கேரம் கிளப் என்றேன். அப்போதும் எழவில்லை. அதனால் டாக்டரம்மா வந்தார். பையை என் வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் எழுந்தேன். டாக்டரம்மா என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார். ரொம்ப நேரம் கழித்து நாத்தனார் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் வைத்தியம். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மாத்திரை.

புருஷனுக்கு டாக்டரம்மா பாடமே எடுத்தார். இது கண்ணும் இல்லை, காற்றும் இல்லை, நோய். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து என்னிடம், "தீபாவளி வரிக்கும்தான்" என்றார்.

மாத்திரை வேலை செய்தது. தூக்கம் வந்தது. சாப்பிட்டாள். தலை வாரிவிட்டால் வாரிக்கொண்டாள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. வாரக் கூட்டத்தில் டாக்டரம்மா சொன்னார்: "இனிமே சின்னதா ஒரு வேலை, அவங்களே செய்யணும். முன்னாடி வழக்கமா செஞ்ச வேலையா இருந்தா நல்லது. மெதுவா." மற்ற தெருப் பெண்கள் கோயிலுக்கு அழைத்துப் போகலாம், கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போகலாம் என்று யோசனை சொன்னார்கள். நான் குடத்தை நினைத்தேன்.

வெளியே வருவதற்கு அவளுக்கு இருந்த ஒரே வேலை தண்ணீர் பிடிப்பது. அதைத் தெருவே அவளுக்காகச் செய்துகொண்டிருந்தது. வரிசையில் வைத்து, பிடித்து, தூக்கி, அடுப்படி வரை கொண்டுபோய் வைத்தார்கள். அவ்வளவு நல்ல மனசு. அந்த நல்ல மனசால் அவளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தோம்.

அடுத்த லாரி நாளில் நான் பச்சைக் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

வரிசையில் இருக்கிற குடத்தைத் தொடுவது எங்கள் பக்கம் கொலைக்குச் சமம். அதுவும் நோயாளியின் குடம். மூலை வீட்டுக்காரி இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள்.

"இன்னாக்கா, மன்சியா நீ? படுத்துனு கீறவ குடத்த எடுக்கிறியே?"

"அவளுக்குத் தண்ணி வோணும்னா அவ வருவா."

"இதுதான் டாக்டர் சொல்லிக் குட்த்ததா? நாத்தனார் மேல இம்மாங் கோவமா?"

வெற்றிலை போடாமல் போனது என் தப்பு. நானும் நாலு வார்த்தை சொன்னேன். லாரி வந்து போனது. அவள் வரவில்லை. என் வீட்டுக்காரர் ரகசியமாக ஒரு பக்கெட் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். "கால ஒடைப்பேன்" என்றேன். பக்கெட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். குடிப்பதற்கு மட்டும் ஒரு சொம்பு கொண்டுபோய் வைத்தேன். நானும் ராட்சசி இல்லை.

சாயங்காலம் டிரெய்லர்காரர் வந்தார். குளிக்கத் தண்ணீர் இல்லை.

"போதும் தங்கச்சி உங்க வைத்தியம். தீபாவளில்லாம் இல்ல. நாளான்னிக்கே ஊருக்கு இட்டுனு போறேன்."

சொன்னபடி அவள் துணிப் பையையும் எடுத்து வாசலில் வைத்தார். நாளான்னிக்கு என்பது லாரி வருகிற நாள்.

அந்த நாள் காலையில் பச்சைக் குடத்தைக் கழுவி, வரிசையில் வைக்காமல், அவள் வீட்டு வாசற்படியில், பைக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே பார்த்து ஒன்று மட்டும் சொன்னேன்.

"உன் குடம் இங்க கீது. மொத எடத்துல என்னுது கீது. எப்பவும் இனிமே அதான்."

வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றுகொண்டேன். லாரி ஹாரன் அடித்தது. குழாயைத் திறந்தார்கள். என் குடம் நிறைந்தது. அடுத்தது, அடுத்தது என்று நகர்ந்தது. மூலை வீட்டுக்காரி என்னை முறைத்துக்கொண்டே பிடித்தாள். வரிசை பாதிக்கு மேல் தீர்ந்தபோது எல்லோரும் ஒரு பக்கம் திரும்பினார்கள்.

அவள் வாசற்படியில் நின்றாள். வெறுங்கால். புடவை சரியாகக் கட்டவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குடத்தை எடுத்து, கடைசியில் வந்து நின்றாள்.

"முன்னால வா கண்ணு, முன்னால வா" என்று எல்லோரும் வழி விட்டார்கள். நான் வெற்றிலையைத் துப்பினேன்.

"எவளாச்சும் வய்யி உட்டீங்க, அவ்ளோதான்! கடேசில வந்தா கடேசிதான்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரொம்ப நாளாக வராத பார்வை. அவள் முறை வந்ததும் பிடித்தாள். பாதிக்குடம் ஆனதும், போதும் என்று கையைக் காட்டினாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, ஒரு வாய் தண்ணீர் தளும்பி என் கால் மேல் கொட்டியது. கை தவறியா, வேண்டுமென்றேவா என்று இன்றைக்கும் கேட்டால் சொல்ல மாட்டாள்.

வாசலில் டிரெய்லர்காரர் ஊருக்குப் போகிற சட்டையோடு நின்றிருந்தார்.

"பாதிதான் கீது?" என்றார்.

"மீதிய நீ போய்ப் புடி" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன். அண்டாவை எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் நின்றார். பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பளை, இஸ்திரி போட்ட சட்டை.

"இன்னாண்ணே, ஹார்பர்லயும் க்யூ, இங்கயும் க்யூவா?" என்றாள் மூலை வீட்டுக்காரி.

"அங்க பரவால்லமா, டீசல் போட்டா நவுரும்" என்றார்.

பை அன்றைக்குச் சாயங்காலம்வரை வாசலில் கிடந்தது. பிறகு பிள்ளைகளில் ஒன்று அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனது.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். "மெதுவான்னு சொன்னேனே அக்கா. அவங்க வராமலே இருந்திருந்தா? இன்னும் மோசமாயிருந்தா? என்னைக் கேக்காம இனிமே எதுவும் செய்யாதீங்க." சரி என்றேன். புதிதாக வந்து சேருகிற பெண்களுக்குப் பாடம் எடுக்கும்போது, என்னவெல்லாம் செய்யக் கூடாது என்பதற்கு என் கதையைத்தான் சொல்வாராம். சொல்லும்போது சிரித்துவிடுவார் என்றும் கேள்விப்பட்டேன்.

குடத்தால் அவள் குணமாகிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரை அதற்குப் பிறகும் வெகுகாலம் போனது. சில வாரம் நன்றாக இருப்பாள், சில நாள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்போதும் லாரி ஹாரன் அடித்தால் கால் குடமாவது பிடிக்க வந்தாள். பிறகு கேரம் கிளப்புக்கும் போக ஆரம்பித்தாள், தானாக, பட்டப் பகலில். எங்கே போகிறாய் என்று எதிர் வீட்டு மாமியார் கேட்டதற்கு, "மனசுக்கு மாத்திரை வாங்க. உனுக்கும் வோணுமா?" என்றாளாம்.

தீபாவளிக்கு முந்தின லாரி நாள். நான் ஒரு வீட்டில் பேச்சுக் கேட்கப் போகிற அவசரத்தில், வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே வரிசைக்கு வந்தேன். முதல் இடத்தில் பச்சைக் குடம். அதற்குப் பின்னால் என் நீலம், தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவள், தலையில் பூவோடு.

"இன்னா பாக்கிறே? ஒரு நோயாளி குடத்தத் தூக்கிக் கடாசினியே, நீயெல்லாம் ஒரு அண்ணியா? எங்கண்ணன் தலையெய்த்து..."

ஆரம்பித்துவிட்டாள். இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. என் சமையல், என் வாய், எங்கள் கல்யாணத்தில் நான் முறைத்த முறைப்பு, நீலக் குடத்தின் உடைந்த விளிம்பு. தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. என் வீட்டுக்காரர் தூரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை.

எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல பதில். ஆனால் வாய் நிறைய வெற்றிலை. துப்பியிருக்கலாம், தெருதான். துப்பவில்லை. அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்று கேட்டேன்.